கல்லட்டி இறக்கத்துக்கு எந்த முன் ஃபோர்க்? ராஜ்தூத் லிங்க், டெலஸ்கோபிக், கர்டர், ஹப் சென்டர் அலசல்

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய ராஜ்தூத் 175 வாங்குறவங்க நிறைய பேர் முதல் வேலையா அதோட முன் ஃபோர்க்கை (முன் வீலைப் பிடிச்சிருக்கற அமைப்பு) கழட்டி ஓரமா போட்டுட்டு வேற ஏதோ வண்டியோட டெலஸ்கோபிக் ஃபோர்க்கையும் (குழாய்க்குள்ள குழாய் இறங்குற வகை) டிஸ்க் பிரேக்கையும் மாட்டிடுறாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. இறக்கத்துல ஓட்டுறதுக்குன்னு பார்த்தா அந்தக் கழட்டிப் போட்ட ஃபோர்க்தான் நல்ல ஃபோர்க்.

ராஜ்தூத் போலந்து நாட்டு எஸ்ஹெச்எல் எம்11 வண்டியிலருந்து வந்தது, முன்னாடி இருக்கறது லீடிங் லிங்க், அதாவது வீல் ஒரு ஆர்மோட முனையில இருக்கும், ஆர்மோட பிவட் (அது ஆடுற அச்சு) வீல் அச்சுக்குப் பின்னாடி இருக்கும், ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். இங்கிலாந்துக்காரர் எர்னி ஏர்ல்ஸ் பேர்ல பிரபலமான டிசைனும் இதே வகைதான், பிஎம்டபிள்யூ 1955லருந்து 1969 வரைக்கும் அதைத்தான் போட்டுச்சு.

இப்ப டெலஸ்கோபிக்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. முன் பிரேக்கைப் பிடிச்சா எடை முன்னாடி சாயும், ஃபோர்க் அமுங்கும், மூக்கு குனியும். மூக்கு குனிஞ்சா ஹேண்டில் கோணம் செங்குத்தாகி ட்ரெயில் குறையும், அதாவது ஸ்டியரிங் அச்சு தரையைத் தொடுற புள்ளிக்கும் டயர் தரையைத் தொடுற இடத்துக்கும் நடுவுல உள்ள தூரம். ட்ரெயில்தான் வண்டியை நேரா பிடிச்சு வைக்கறது, அதனால பிரேக் பிடிச்சபடியே வளைவுக்குள்ள போறப்ப ஸ்டியரிங் திடீர்னு துடிப்பா ஆயிடும். அதோட ஃபோர்க் அமுங்கற தூரத்துல பாதியை பிரேக்குக்கே செலவு பண்ணிட்டா அதே இடத்துல குழி வந்தா அமுங்க மிச்சம் இடம் இருக்காது, டங்குன்னு அடிக்கும். ஊட்டிலருந்து மசினகுடி போற கல்லட்டி மலைப்பாதைல 36 கொண்டை ஊசி, மசினகுடி நோக்கி இறங்கினா ஒவ்வொண்ணுலயும் இதே கதைதான், தட்டையான ரோட்ல ஓட்டிப் பார்த்து முடிவு பண்றவங்களுக்கு இது தெரியாது.

லீடிங் லிங்க்ல பிரேக் பிளேட்டை (பிரேக் ஷூ உட்கார்ந்திருக்கற தட்டு) அந்த ஆர்ம்லயே கட்டியிருந்தா, பிரேக் பிடிக்கறப்ப வர்ற திருகு ஆர்மை கீழ தள்ளும், மூக்கு குனியாது, சில நேரம் லேசா தூக்கவே செய்யும். அதே பிளேட்டை ஒரு ராடு வச்சு ஃபோர்க்கோட நிலையான காலோட கட்டியிருந்தா திருகு ஆர்முக்குப் போகாது, எடை சாய்ஞ்ச அளவுக்கு கொஞ்சம் குனியும், அவ்வளவுதான். பழைய பெட்ரோல் பஜாஜ் சேத்தக் மாதிரி ஸ்கூட்டர்ல ஆர்ம் பின்பக்கம் நீட்டியிருக்கு, அது நேர் எதிர், பிரேக் பிடிச்சதும் முன்னாடி சட்டுனு படுத்துக்கும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சேர்த்து யோசிக்கறதே இல்ல. ராஜ்தூத், பழைய ஜாவா, பழைய யெஸ்டி எல்லாம் டூ ஸ்ட்ரோக், இன்ஜின் பிரேக்கிங் குறைவு. அதுவும் பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓட்டுற வண்டில ஆக்ஸிலேட்டரை மூடிட்டே ரொம்ப தூரம் இறங்கினா இன்ஜினுக்கு ஆயிலும் போகாது, நடுநடுவுல லேசா முறுக்கிக் கொடுக்கணும். ஆக இறக்கம் முழுக்க பிரேக்தான் சுமை தாங்குது, பிரேக் பிடிச்சாலும் குனியாத ஃபோர்க் தேவைப்படுற வண்டியே இதுதான், அதுலருந்தே அதைக் கழட்டுறாங்க! ஃபோர் ஸ்ட்ரோக் புல்லட்டுக்கு இந்தக் கவலை கம்மி, செகண்ட் கியர்ல போட்டா இன்ஜினே இழுத்துப் பிடிக்கும், அதுல டெலஸ்கோபிக் பெரிய குறை இல்ல.

குறையே இல்லையான்னா இருக்கு. லிங்க் ஃபோர்க் கனம், அந்தக் கனம் ஸ்டியரிங் அச்சை விட்டு தள்ளி இருக்கறதால மெதுவா திருப்பறப்ப ஹேண்டில் மந்தமா இருக்கும். கோத்தகிரி மார்க்கெட் நெரிசல்ல கை வலிக்கும். பிவட் புஷ் தேய்ஞ்சா ஹேண்டில் உதறும், மழைக்காலத்துல தண்ணி இறங்கி துரு ஏறும், கிரீஸ் விடாம சும்மா ஓட்ட முடியாது. டெலஸ்கோபிக் அந்த விஷயத்துல சுலபம், ஆனா மார்கழிப் பனியில ஃபோர்க் ஆயில் கெட்டியாகி காலையில முதல் சில கிலோமீட்டர் விறைப்பா இருக்கும், பைப்ல துருப்புள்ளி விழுந்தா ஆயில் சீலை வெட்டிடும், பைப்புக்கு ரப்பர் பூட்ஸ் (உறை) கண்டிப்பா போடுங்க.

கர்டர் ஃபோர்க், அதாவது விறைப்பான ஒரு சட்டத்தை மேலயும் கீழயும் லிங்க் வச்சு தலையோட கோத்த பழைய வகை, பார்க்க அவ்வளவு அழகு, வின்சென்ட் 1948ல கொண்டுவந்த கர்ட்ராலிக் இந்த வகையோட உச்சம்னு சொல்வேன், சைட்கார் மாட்டினா ட்ரெயிலை மாத்திக்க எக்சென்ட்ரிக் (மையம் விலகின திருப்பி) வசதி கூட இருந்துச்சு. குனியறப்ப ட்ரெயில் பெருசா மாறாது. ஆனா அமுங்கற தூரம் குறைவு, எல்லா லிங்க்குக்கும் ஸ்பிண்டில், புஷ்னு தேய்மான இடங்கள் அதிகம், உடைஞ்சா லேத்ல செஞ்சுதான் ஆகணும். அசல் கர்டரோட வந்த வண்டி இருந்தா பத்திரமா வச்சுக்கோங்க, புதுசா மாட்ட நினைக்காதீங்க.

ஹப் சென்டர் ஸ்டியரிங், அதாவது ஃபோர்க் இல்லாம ஆர்ம்ல மாட்டின வீலை அதோட நடுவுலயே திருப்புற அமைப்பு, அதைப் பத்தி சுருக்கமா. 1921 நெர்-எ-கார்லருந்து 1990 பிமோட்டா டெசி, 1993 யமஹா ஜிடிஎஸ் 1000 வரைக்கும் முயற்சி பண்ணாங்க, பிரேக் விசையையும் ஸ்டியரிங்கையும் பிரிக்கற யோசனை ரொம்பச் சரி. ஆனா டெசி மாதிரி வண்டியில ஹேண்டில் திரும்புற அளவே கம்மி, கொண்டை ஊசில அது நமக்கு ஆகவே ஆகாது, ராடு ஜாயிண்ட் ஒவ்வொண்ணும் தேய தேய ஹேண்டில்ல ரோடு தெரியாது.

ஃபோர்க்கை மாத்துறவங்களுக்கு உண்மையில வேணும்கறது டிஸ்க் பிரேக். அதை நான் மறுக்கல, ராஜ்தூத்தோட டிரம் பிரேக் பலவீனம்தான். ஆனா வேற ஃபோர்க் வந்தா நீளம் வேற, டீ ஆஃப்செட் (ஸ்டியரிங் அச்சுலருந்து ஃபோர்க் கால் முன்னாடி தள்ளி இருக்கற அளவு) வேற, ஃபோர்க் குட்டையா ஆஃப்செட் அதிகமா இருந்தா ட்ரெயில் ரெண்டு வகையிலயும் குறையும், போதாததுக்கு ஸ்டெம்மை (ஃபோர்க்கை ஃபிரேமோட கோக்கற தண்டு) வெட்டி வெல்டிங் வைக்கறாங்க, அந்த வெல்டிங்கை நம்பித்தான் இறக்கத்துல உயிரையே வைக்கறோம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் கம்பெனி அமைப்பை மாத்துறதைத் தடுக்குது. அதுக்குப் பதிலா டிரம்மை லேத்ல கடைஞ்சு, புது லைனரை அந்த டிரம்மோட வளைவுக்கே உரசி உட்கார வச்சு, புது கேபிள் போடுங்க.

பழைய ராஜ்தூத் பார்க்கப் போறப்ப சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் வீலைத் தூக்கி, வீலை ரெண்டு கையால பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. ஆட்டம் பிவட்ல இருந்தா புஷ் வேலை, மேல தலையில இருந்தா கோன் செட் (ஸ்டியரிங் பேரிங்), ரெண்டுமே சின்ன வேலை, விலையைக் குறைச்சுப் பேசி வாங்கிக்கலாம். ஆர்ம் வளைஞ்சிருந்தா மட்டும் வேணாம்னுட்டு வந்துடுங்க.