மூக்கைச் சரிசெய்து 14 மாதம் ஆகிறது, இப்போதுதான் மார்க் போட முடிகிறது

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் இதை எழுதியிருந்தால் ஒரு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன். மூன்றாம் மாதம் கேட்டிருந்தால் மூன்று. இப்போது நாலு கொடுக்கிறேன், குறைந்த அந்த ஒன்றும் டாக்டர் கணக்கில் இல்லை, பில் கவுண்டர் கணக்கில். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் போடப்போவதில்லை. மூக்கு அறுவை செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிப் பெயரைவிட முதல் வருடம் எப்படிப் போகும் என்பதுதான் தெரியவேண்டியது.

என் மூக்கு அப்பா வழி. தண்டில் ஒரு மேடு, நுனி கீழே இறங்கியிருக்கும், சிரித்தால் இன்னும் இறங்கும். வீட்டில் அதற்குப் பெயர் எடுப்பான மூக்கு, பள்ளிக்கூடத்தில் கிளி மூக்கு. இதோடு இடது பக்கம் மூச்சும் பாதிதான் போகும், உள்ளே நடுத்தண்டு, அதாவது இரண்டு துவாரத்தையும் பிரிக்கிற சுவர், வளைந்திருக்கிறது என்று காது மூக்கு தொண்டை டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எப்படியும் உள்ளே கை வைக்கத்தான் போகிறார்கள், வெளியேயும் சேர்த்துச் செய்துவிடலாமே என்றுதான் ஆரம்பித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். உண்மையில் வெளியே செய்யத்தான் ஆசை, மூச்சு ஒரு சாக்கு.

மூன்று டாக்டர்களைப் பார்த்தேன். முதல் ஆள் என் போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு ஐந்தே நிமிடத்தில் ஒரு நடிகையின் மூக்கை ஒட்டிக் காட்டினார், அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்த முகத்தில் நான் இல்லை. இரண்டாமவர் அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார், எழுந்து வந்துவிட்டேன். மூன்றாமவருக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அந்த நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த படத்தின் கதை முழுக்கப் படித்துவிட்டேன்: திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கு அறுபட்ட ஒரு வண்டிக்காரருக்கு, புனேயில் நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தார்களாம், 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அது படத்தோடு வந்திருக்கிறது. மயக்க மருந்து இல்லாத காலம். அதைப் படித்த பிறகு பயப்படவே வெட்கமாக இருந்தது.

இந்த டாக்டர் ஆறு கோணத்தில் போட்டோ எடுத்தார், அப்புறம் விரலால் நுனியை அழுத்தி, கிள்ளிப் பார்த்தார். "உங்களுக்குத் தோல் தடிமன்மா. உள்ளே எவ்வளவு செதுக்கினாலும் வெளியே அவ்வளவு கூர்மையாத் தெரியாது. மேட்டை எடுக்கலாம், நுனியைக் கொஞ்சம் தூக்கலாம், நடுத்தண்டை நேராக்கலாம், அவ்வளவுதான்" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணாடி பார்ப்பீர்கள், வீட்டில் யாராவது வற்புறுத்துகிறார்களா என்றெல்லாம் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது, இல்லாத குறையை நாள் முழுக்கக் கண்ணாடியில் தேடுகிறவர்களுக்கு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் திருப்தி வராது, நல்ல டாக்டர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பார்க்கும் டாக்டர் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவரா, இல்லை காது மூக்கு தொண்டை படித்துவிட்டு மூக்கு அழகு அறுவையில் தனியாகப் பயிற்சி எடுத்தவரா என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவர் நமக்கு வேண்டாம்.

அட்மிட் ஆன அன்று ராத்திரி ஒரு கூத்து. உடம்பில் எந்த உலோகமும் இருக்கக்கூடாது, ரத்தம் கசியாமல் இருக்க மின்சாரக் கருவியால் சுடுவார்கள், மூக்குத்தியைக் கழற்றுங்கள் என்றார் நர்ஸ். 12 வருடமாகக் கழற்றாத மூக்குத்தி. திருகாணி அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, பஞ்சால் பிடித்து, அம்மா ஒரு பக்கம் நர்ஸ் அக்கா ஒரு பக்கம் என்று முக்கால் மணி நேரம், கடைசியில் திருகாணி கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது, அப்பா முட்டி போட்டுத் தேடி எடுத்தார். நாலு நாள் முன்னாடியே நகைக் கடையில் கழற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

ஆபரேஷன் மூன்று மணி நேரம், முழு மயக்கம். இரண்டு துவாரத்துக்கும் நடுவே உள்ள குட்டித் தூணில் சின்னதாக வெட்டி, தோலை மேலே தூக்கி வேலை செய்கிற முறை எனக்கு. மேட்டை மட்டும் சீவி விட்டால் தண்டு மேலே தட்டையாக, ஓடு பிரித்த கூரை மாதிரி நிற்குமாம், அதனால் இரண்டு பக்க எலும்பையும் வெட்டி உள்ளே நெருக்கி வைக்கிறார்கள். நடுத்தண்டில் எடுத்த குருத்தெலும்பையே நுனிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது போதாதவர்களுக்குக் காதிலிருந்தோ விலா எலும்புப் பக்கத்திலிருந்தோ எடுப்பார்கள்.

எல்லோரும் கேட்பது வலி. வலி பெரிசாக இல்லை. அடைப்புதான் கொடுமை. மூக்கு முழுக்க அடைத்திருக்கும்போது எச்சில் விழுங்கினால் காது அடைத்துக்கொள்ளும், வாயால் மூச்சு விட்டு விட்டு நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், ராத்திரி முழுக்க அம்மா ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்குக் கீழே மீசை மாதிரி ஒரு பஞ்சு, ரத்தம் நனைய நனைய மாற்ற வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாள் கண் இரண்டும் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. "ஸ்கூட்டியில விழுந்துட்டியா?" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார், ஆமாம் என்றேன். எதற்கும் கண் காது மூக்கு வைத்துப் பேசுகிற சொந்தக்காரர்களுக்கு இந்தத் தடவை மூக்கு நிஜமாகவே கிடைத்துவிட்டது.

ஏழாம் நாள் வெளிக்கட்டைப் பிரித்து, தையலை எடுத்து, உள்ளே வைத்திருந்த சிலிக்கோன் தகடுகளை உருவினார்கள். மூளையையே இழுப்பது போல ஒரு நொடி, அப்புறம் இடது பக்கம் ஜில்லென்று காற்று. எனக்கு அப்படி ஒரு மூச்சு நினைவு தெரிந்து வந்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். முகத்துக்கு நடுவே ஒரு உருளைக்கிழங்கு, நுனி பன்றி மூக்கு மாதிரி மேலே பார்த்துக்கொண்டு. ஆட்டோவில் வீட்டுக்கு வரும்வரை அழுதேன். வீக்கம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், பேப்பரில் எழுதியும் கொடுத்திருந்தார், காதில்தான் ஏறவில்லை.

அடுத்த ஆறு வாரம் சின்னச் சின்ன எரிச்சல்கள். மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், குனிந்து கோலம் போடக்கூடாது, தலை வழியாக மாட்டும் துணி கூடாது, முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இரண்டு வாங்கி ஒப்பேற்றினேன். கண்ணாடி போடுகிறவர்கள் தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள்: ஆறு வாரத்துக்கு மூக்கின் மேல் கண்ணாடி உட்காரக்கூடாது. எனக்கு மைனஸ் ஐந்து. பிரேமை நெற்றியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மீட்டிங்கில் கேமராவை அணைத்துவைத்தேன். மேலுதடு இரண்டு மாதம் விறைப்பாக இருந்ததால் சிரிப்பு வேறு யாருடையதோ போல வந்தது. நுனியில் பல மாதம் உணர்ச்சியே இல்லை, ஈ உட்கார்ந்தால்கூடத் தெரியாது.

மேடு போனது மூன்றாம் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. நுனி வடிய ஒரு வருடம் ஆனது, தோல் தடிமனாக இருந்தால் அப்படித்தான். காலையில் ஒரு மூக்கு, சாயங்காலம் ஒரு மூக்கு என்று பல மாதம் ஓடியது.

இப்போது பில். முதலில் சொன்ன பேக்கேஜ் 1,60,000. கையில் வந்த பில் 2,02,250. மருந்து, தகடு எல்லாம் 13,450, மிச்சம் 28,800 ஜிஎஸ்டி. சிகிச்சைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அழகுக்காகச் செய்வதற்கு 18 சதவீதம் உண்டு. பிறவிக் குறையோ விபத்தோ என்றால் விலக்கு இருக்கிறது. இதை முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லக் கவுண்டரில் யாருக்கும் வாய் வரவில்லை. மூச்சுக்காக நடுத்தண்டைச் சரிசெய்ததும் அதே ஒரே பேக்கேஜில் போனதால் அதற்கும் சேர்த்து வரி, இன்சூரன்ஸ்காரர்களும் "காஸ்மெட்டிக்" என்ற வார்த்தையைப் பார்த்ததும் முழுசாகக் கைவிரித்துவிட்டார்கள். இரண்டுக்கும் தனித்தனி எஸ்டிமேட் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள், எனக்குப் போனது போகட்டும்.

இடது துவாரம் வலதைவிட ஒரு நூல் மேலே இருக்கிறது. வேண்டுமானால் இப்போது திருத்தலாம், ஒரு வருடம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். மறுபடி அந்தப் பஞ்சு மீசையா, வேண்டாம் சார் என்றேன். அப்பா இதுவரை என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, போன மாதம் மட்டும் டிவி பார்த்துக்கொண்டே தன் மூக்குத் தண்டை விரலால் தடவியபடி "எனக்கும் இடது பக்கம் மூச்சு வராதும்மா" என்றார். மூக்குத்தித் துளை பாதி தூர்ந்திருந்தது, மறுபடி குத்திப் போட்டிருக்கிறேன். நுனி தூக்கியதில் அது பழைய இடத்தைவிட ஒரு நெல் அளவு மேலே தெரிகிறது, திருகாணி மட்டும் புதுசு.