உடனிருப்பவர் இரவில் எங்கே படுப்பார்? மூன்று மருத்துவமனைகள், ஓர் அலசல்

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையில் பதினோரு நாள். இரண்டு ஆண்டு கழித்து அப்பாவுக்கு மாரடைப்பு. சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் எட்டு நாள். அடுத்த ஆண்டு பெரியப்பாவின் பரிசோதனைகளுக்காக வேலூர் சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று வாரம். கட்டிலில் கிடந்தவர்கள் அவர்கள். தரையிலும் நாற்காலியிலும் வாடகை அறையிலும் கிடந்தவன் நான்.

மூன்று இடத்திலும் சிகிச்சை நன்றாகவே நடந்தது. அதை இங்கே எடைபோடவில்லை. வசதியை மட்டும் ஒப்பிடுகிறேன். முன்பெல்லாம் வசதி என்றால் குளிர்சாதனமும் பளபளக்கும் தரையும்தான் என் நினைவுக்கு வரும். இப்போது மூன்றே கேள்விகள். உடனிருப்பவர் இரவில் எங்கே படுப்பார்? நோயாளி கழிவறைக்கு எப்படிப் போவார்? நோயாளி எப்படி இருக்கிறார் என்று யாரிடம், எப்போது கேட்பது?

அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் இரவில் ஆண்களை விடமாட்டார்கள். அது நியாயமான விதி. ஆகவே உள்ளே அக்கா, வெளியே நான். அக்கா அம்மாவின் கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துப் படுத்தாள். நடுச்சாமத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். நான் வேப்பமரத்தடியில். கொசு, தூறல், ஆம்புலன்ஸ் சத்தம். ஆனால் முதல் இரவே பக்கத்துப் பாய்க்காரர், "தம்பி, பையைத் தலைக்கு வைத்துப் படுங்கள், பணத்தை இடுப்பில் வையுங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். பிளாஸ்கில் வெந்நீர் எங்கே பிடிப்பது, எந்த ஜன்னலில் சீட்டு போடுவது என்பதையெல்லாம் அந்த மரத்தடியில்தான் கற்றேன். சென்னையின் சில அரசு மருத்துவமனை வளாகங்களில் உடனிருப்பவர்களுக்கென்றே மாநகராட்சி இரவுத் தங்குமிடம் நடத்துகிறது. இது ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் வர வேண்டும்.

தனியாரில் முதல் ஐந்து நாள் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில். பாஸ் ஒருவருக்குத்தான். காத்திருப்புக் கூடம் பளிச்சென்று இருந்தது, விடிய விடிய விளக்கு எரிந்தது. நாற்காலிகளுக்கு நடுவே இரும்புக் கைப்பிடிகள். உடம்பைச் சாய்க்க முடியாது. தரையில் துண்டை விரித்தால் காவலர் வந்து எழுப்புவார். அறுபதைத் தாண்டிய அம்மா குளிரில் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஐந்து இரவும் உட்கார்ந்தே கழித்தாள். நான்காம் நாள் கால்கள் வீங்கிவிட்டன. மரத்தடியில் நான் நன்றாகத் தூங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறாம் நாள் அறைக்கு மாற்றினார்கள். சுவரோரம் நீண்ட சோபா, தலையணை, போர்வை, வெந்நீர்க் குழாய். அந்த மூன்று நாளுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. தனியார் மருத்துவமனை என்பது ஒரே கட்டடத்துக்குள் இரண்டு இடங்கள். விளம்பரப் படங்களில் அறையைக் காட்டுவார்கள். காத்திருப்புக் கூடத்தைக் காட்ட மாட்டார்கள்.

வேலூரில் கதையே வேறு. 1900ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் அது. இன்று வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என எங்கிருந்தெல்லாமோ காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். பரிசோதனை, முடிவு, மறுபடி மருத்துவர் என்று நாட்கள் நீள்வதால், மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களே உடனிருப்பவர்களின் வீடாகிவிட்டன. விடுதிகளில் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள், கடைகளில் கடுகெண்ணெய், ஆற்று மீன். பெரியப்பாவுக்கு ரசம் சாதம் வைத்துக் கொடுத்தபோது எதிர் அறை அம்மாள் மீன்குழம்புக் கிண்ணத்தை நீட்டினார். நோயாளி தானே நடக்கக்கூடியவராக இருந்து, தங்கல் வாரக்கணக்கில் நீளும் என்றால் இந்த ஏற்பாட்டுக்கு ஈடில்லை. நடக்க முடியாதவரை அந்த நெரிசலில் விடுதிக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துக்கொண்டு அலைவது கொடுமை. 2022இல் ராணிப்பேட்டையில் நெடுஞ்சாலையோரம் திறந்த வளாகத்துக்குச் சில பிரிவுகள் போய்விட்டன. எந்த வளாகம் என்று சீட்டைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அறை எடுங்கள்.

கழிவறையைப் பற்றி எழுதத் தயங்குகிறோம். இடுப்பு முறிந்தவருக்கு அதுதான் முதல் வசதி. அம்மா இருந்த வார்டில் மேற்கத்திய இருக்கை ஒன்றே ஒன்று, கைப்பிடி கிடையாது. கழிவறைக்குப் போக வேண்டுமே என்று அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். இதை நான் கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆயிற்று. தனியார் அறையில் இரு பக்கமும் கைப்பிடி, அழைப்பு மணி, வழுக்காத தரை. இந்த ஒன்றில் தனியாருக்கே என் முழு மதிப்பெண். ஆனால் தனியாரிலும் பொது வார்டு உண்டு. அங்கே கழிவறை பொது, உடனிருப்பவருக்கு ஒரு ஸ்டூல். விலைப்பட்டியலின் கடைசி வரியில் இருப்பதால் அதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

அடுத்தது தகவல். அரசு மருத்துவமனையில் காலையில் பெரிய மருத்துவர் மாணவர்களோடு சுற்றி வரும்போது உடனிருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். நோயாளியைப் பற்றிப் பேசும் அந்த ஐந்து நிமிடம்தான் குடும்பத்தார் கேட்க வேண்டியது. பிறகு இளம் மருத்துவர் ஒருவரைப் படிக்கட்டில் மறித்துக் கேட்க வேண்டியிருந்தது. பாவம், அவர் முப்பது மணி நேரமாகத் தூங்காதவர் போலிருந்தார், ஆனாலும் நின்று சொன்னார். தனியாரில் தினமும் இரண்டு முறை, சொன்ன நேரத்துக்கு, உட்காரவைத்துப் பேசினார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அந்த நாற்காலிகளை மன்னிக்கலாம்.

சாப்பாட்டில் சிக்கல் தனியாரில்தான். அரசு மருத்துவமனையில் நோயாளிக்குப் பால், ரொட்டி, முட்டை வந்துவிடும். சென்னை சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற இடங்களில் உடனிருப்பவருக்கு மலிவு விலை அம்மா உணவகம் இருக்கிறது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குப் பொங்கல். தனியாரில் வெளிச்சாப்பாட்டை வாசலிலேயே தடுத்தார்கள், உப்பில்லாக் கஞ்சியை அப்பா தொடவில்லை.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும்; எனக்குப் பணம் போன பிறகுதான் தெரிந்தது. பல தனியார் மருத்துவமனைகளில் அறை உயர்ந்தால் வாடகையோடு நிற்காது. மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் எல்லாம் அறையின் வகுப்புக்கேற்ப ஏறும். உங்கள் காப்பீட்டில் அறை வாடகை வரம்பு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் என்றும், நீங்கள் 8,000 ரூபாய் அறை எடுத்தீர்கள் என்றும் வையுங்கள். விகிதக் குறைப்பு விதி உள்ள பாலிசியில், வாடகைக்கு மட்டுமல்லாமல் அதைச் சார்ந்த கட்டணங்களுக்கும் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். அவை 1,60,000 ரூபாய் என்றால் 60,000 உங்கள் கையிலிருந்து. மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் இந்தக் குறைப்பு பொருந்தாது. போதாததற்கு, நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டும் அறைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஆகவே வரம்புக்குள் அடங்கும் இருவர் அறையே போதும். திரைக்கு அந்தப்பக்கம் ஒருவர் இருமுவார், அவ்வளவுதான். அதிலும் சோபா இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத நடுவழி ஒன்று உண்டு. ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும், 2023இல் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் கட்டண அறைகள் இருக்கின்றன. அரசு மருத்துவர்களின் சிகிச்சை, தனி அறை, தனிக் கழிவறை. நீண்ட நாள் படுக்கையில் கிடக்க வேண்டிய முதியவருக்கு முதலில் அங்கே இடம் கேட்டுப் பாருங்கள் என்பேன். அது தெரிந்திருந்தால் அம்மாவை மாற்றல் வாங்கியாவது சென்னைக்குக் கொண்டுவந்திருப்பேன்.

போன மாதம் சித்தப்பாவின் மூட்டு அறுவைக்காக இடம் தேடினோம். ஒரு மருத்துவமனையில் வரவேற்பறைப் பெண் படத்தொகுப்பைத் திறந்தார். அறையையே பார்க்கலாமா என்று கேட்டு மூன்றாம் மாடிக்கு ஏறினேன். சோபாவின் நீளத்தை அளக்க அதில் படுத்துப் பார்த்தேன். கழிவறைக் கதவைத் திறந்தேன். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி இருந்தது. இன்னொன்றையும் பொருத்தித் தர முடியுமா என்று கேட்டேன். மறுநாள் பொருத்திவிட்டுப் படம் அனுப்பியிருந்தார்கள்.