ஃபாஸ்பிண்டரின் எம்மியும் பாலசந்தரின் பைரவியும்

கொழும்பின் வெள்ளவத்தையில் நண்பர்கள் கூடிப் படம் பார்க்கும் ஒரு மாலைக்கு, வயதில் மிக மூத்த பெண்ணை இளைஞன் விரும்பும் கதையொன்றைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் 1974இல் தந்த ‘அலி: பயம் ஆன்மாவைத் தின்னும்’ என்ற ஜெர்மன் படமும், அடுத்த ஆண்டு வெளிவந்த கே. பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்க’ளும் எஞ்சி நின்றன. நான் ஃபாஸ்பிண்டரையே தெரிவுசெய்தேன்.

‘அபூர்வ ராகங்க’ளின் பெருமைகள் தமிழ் வாசகர் அறிந்தவையே: எம்.எஸ். விஸ்வநாதனின் இசை, ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாடலுக்காக வாணி ஜெயராமுக்குக் கிடைத்த தேசிய விருது, ரஜினிகாந்தின் முதல் திரைத் தோற்றம். ஆனால், பருவமடைந்த மகளுக்குத் தாயான பைரவியாக நடித்த ஸ்ரீவித்யா 1953இல் பிறந்தவர். அவரை விரும்பும் இளைஞனாக நடித்த கமல்ஹாசன் 1954இல் பிறந்தவர். வயது இடைவெளி வசனத்தில்தான் இருக்கிறது, முகங்களில் இல்லை. ஃபாஸ்பிண்டரின் படத்தில் மூத்த பெண்ணான எம்மியாக நடித்த பிரிகிட்டே மீரா 1910இல் பிறந்தவர் என்பதால், அவருடைய தளர்ந்த தோள்களே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகின்றன.

எனினும் என் தெரிவைத் தீர்மானித்தது வேறொன்று: திருமணத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்ற கேள்வி. பாலசந்தர், மகன் ஒரு தாயையும் அவனுடைய தந்தை அவளுடைய மகளையும் மணந்தால் பிறக்கும் பிள்ளைகளுக்கு என்ன உறவு என்ற வேதாளத்தின் புதிரை எடுத்துக்கொண்டு, முறை பிசகும் இடத்திலேயே கதையை நிறுத்திவைக்கிறார். பைரவியை விட்டுப்போன கணவர் நோயாளியாகத் திரும்பி வருகிறார், இறுதியில் இரு காதல்களும் கலைந்துபோகின்றன. புதிர் விடுபடவில்லை, தவிர்க்கப்படுகிறது.

ஃபாஸ்பிண்டரோ, மியூனிக் நகரில் துப்புரவு வேலை செய்யும் விதவை எம்மிக்கும் மொரோக்கோ தொழிலாளி அலிக்கும் படத்தின் முற்பாதியிலேயே மணம் முடித்துவிடுகிறார். எம்மியின் மகன் தொலைக்காட்சிப் பெட்டியை உதைத்து உடைக்கிறான், கடைக்காரர் அலிக்குப் பொருள் விற்க மறுக்கிறார், மாடிப்படியில் அயலவர் முணுமுணுக்கின்றனர். (வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வசிப்போருக்கு அந்த மாடிப்படிப் பார்வையை விளக்கவேண்டியதில்லை.) தம்பதியர் விடுமுறை சென்று திரும்பியதும் எல்லோரும் இளகுகிறார்கள், மனம் மாறியதால் அன்று, கடைக்காரருக்கு வாடிக்கையும் மகனுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேவைப்படுவதால். வெளியிலிருந்த அழுத்தம் குறைந்த பிறகே உள்ளிருந்த விரிசல் தெரிகிறது: எம்மி தன் கணவனின் புஜங்களைத் தொட்டுப் பார்க்கும்படி சக தொழிலாளிகளை அழைக்கிறாள், அவன் விரும்பிக் கேட்கும் கூஸ்கூஸ் உணவைச் சமைக்க மறுக்கிறாள், அவனோ அதைத் தேடி மதுக்கடைக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். பொருந்தாக் காதலை ஊர் எதிர்ப்பதைக் காட்டும் படங்கள் பல உண்டு. ஊர் விட்டுக்கொடுத்த பின்னும் அக்காதலை நாள்தோறும் பேணவேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறொன்றை நான் பார்த்ததில்லை.

ஜெர்மன் பேச்சைத் துணைவரிகள் வழியே மட்டும் பின்தொடர்ந்தவன் என்பதால், இரு படங்களின் வசனங்களை எடைபோட நான் தகுதியானவன் அல்லன். மேலும், எம்மியும் அலியும் சந்திக்கும் வெறுப்பில் வயதின் பங்கு எவ்வளவு, இனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம். வயதை மட்டும் தனித்து விவாதிக்க விரும்புவோருக்குப் பாலசந்தரின் படமே வசதியானது. கர்நாடக இசையில் ஈடுபாடுள்ள மூத்தோர் கூடும் வீட்டிலும் அதையே போடலாம். ஃபாஸ்பிண்டரின் படம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், பேச்சுக்குப் போதிய நேரம் மிஞ்சும் என்பதும் எங்கள் மாலைக்கு உதவியது.