ஆர்ச்சில் ஹாஸ்கெல்: பேக்மேன் தரும் கம்பைலரா, ஜிஎச்சி-அப்பா?

ஆர்ச் லினக்ஸில் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுத உட்காருபவர்கள் முதலில் செய்வது, ஆர்ச்சின் பேக்கேஜ் நிறுவியான பேக்மேன் வழியாக ஜிஎச்சி என்ற கம்பைலரையும், புராஜெக்ட்டைக் கட்டும் கருவியான கபாலையும் நிறுவுவது. ஜிஎச்சியைப் பதிப்பு பதிப்பாகத் தனியே நிறுவித் தரும் கருவி ஜிஎச்சி-அப்; அதற்குப் பிறகு வருகிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலு வரி நிரல் எழுதி ‘கபால் பில்ட்’ என்று தட்டினால், பிரெலூடை ஏற்ற முடியவில்லை, ‘பேஸ்’ பேக்கேஜில் சில கோப்புகளைக் காணோம் என்று பிழை வந்தது. பிரெலூட் என்பது எந்த ஹாஸ்கெல் நிரலிலும் கேட்காமலே வந்து சேரும் அடிப்படைத் தொகுதி. அதையே காணோம் என்றால், கம்பைலரே பாழ் என்றுதானே தோன்றும்? இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அதே பிழை.

நூலக அடைவுக்குள் போய்ப் பார்த்ததும்தான் புரிந்தது. ‘பிரெலூட்.டைன்_எச்ஐ’ இருக்கிறது, ‘பிரெலூட்.எச்ஐ’ இல்லை. முதலாவது, நூலகத்தை நிரல் ஓடும்போது இணைக்கும் டைனமிக் லிங்கிங்குக்கு உரியது; இரண்டாவது, கட்டும்போதே நிரலுக்குள் சேர்த்துவிடும் ஸ்டாட்டிக்குக்கு. ஆர்ச் தன் ஹாஸ்கெல் பேக்கேஜ்களை டைனமிக்காகக் கட்டித் தருகிறது. கபாலோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஸ்டாட்டிக் கோப்புகளைத்தான் தேடுகிறது. கம்பைலரில் ஒரு கோளாறும் இல்லை. ‘ஜிஎச்சி-ஸ்டாட்டிக்’ என்ற தனி பேக்கேஜை நிறுவினால் தீர்ந்தது; இல்லையென்றால் ‘-டைனமிக்’ கொடியைக் கொடுத்துக் கட்டலாம். இதெல்லாம் ஆர்ச் விக்கியிலேயே இருக்கிறது. படிக்காமல் குதித்தது நான்.

சரி, இதோடு முடிந்திருந்தால் பேக்மேனே போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். நிறுவுவது எளிது, கூடுதல் கருவி வேண்டாம், வட்டில் இடமும் மிச்சம்.

என்னை மறுபக்கம் தள்ளியது அப்டேட்தான். ஜிஎச்சி கட்டும் நூலகம் ஒவ்வொன்றிலும் ஏபிஐ (ABI) ஹேஷ் என்ற அடையாளக் குறி ஒன்று பொதிந்திருக்கும். அடியில் இருக்கும் நூலகம் கொஞ்சம் மாறினாலும் அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். ஹாஸ்கெலில் எழுதிய ஆவண மாற்றியான பேன்டாக்கை நிறுவியவர்களுக்குத் தெரியும், அப்டேட் பட்டியலில் ‘ஹாஸ்கெல்-’ என்று தொடங்கும் பேக்கேஜ்கள் எப்படி வரிசைகட்டி வரும் என்று. எக்ஸ்மொனாட் என்ற விண்டோ மேனேஜரை வைத்திருப்பவர்களுக்கு, அதற்குப் பிறகு ரீகம்பைல் செய்ய மறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கும். அது டிஸ்ட்ரோவுக்கு, அதாவது ஆர்ச்சுக்கு, உள்ளேயே நடக்கும் சுற்று, அங்கே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அதே கம்பைலரை வைத்து நீங்கள் வேறொரு புராஜெக்ட் எழுதிக்கொண்டிருந்தால்?

‘பேஸ்’ நூலகம் ஜிஎச்சியோடு கட்டிப்போட்டது: ஜிஎச்சி 9.2-க்கு ‘பேஸ்’ 4.16, 9.4-க்கு 4.17, 9.6-க்கு 4.18. உங்கள் கபால் கோப்பில் ‘பேஸ் 4.17-க்குக் கீழே’ என்று எழுதியிருக்க, காலையில் முழு அப்டேட் ஓட்டி ஜிஎச்சி 9.4 வந்து உட்கார்ந்தால், அன்றைக்கு நிரல் எழுத முடியாது. வரம்புகளைத் தளர்த்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். கம்பைலரை மட்டும் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைக்கலாம் என்றால், அரைகுறை அப்டேட்டை ஆர்ச் ஆதரிப்பதில்லை. கம்பைலர் எப்போது மாற வேண்டும் என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஜிஎச்சி-அப் கொடுப்பது இதைத்தான். வீட்டு அடைவுக்குள் தனக்கென ஓர் இடம் வைத்துக்கொள்கிறது. 9.2-உம் 9.6-உம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ‘செட்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் மாறிவிடும். ஸ்டாட்டிக் கோப்புகளும் கூடவே வருகின்றன. எடிட்டரில் பிழைகளைச் சுட்டிக்காட்டும் லாங்குவேஜ் சர்வரையும் அதே இடத்திலிருந்து எடுக்கலாம். அது எந்த ஜிஎச்சி பதிப்புக்காகக் கட்டப்பட்டதோ அதோடு மட்டும்தான் ஒத்துப்போகும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

குறைகளும் உண்டு. ஒரு பதிப்பே ஒரு ஜிபிக்கு மேல் பிடிக்கும், பழையதை நாமாக நீக்காவிட்டால் அப்படியே கிடக்கும். பழைய ஜிஎச்சி ஒன்றை இறக்கினால் ‘லிப்டின்ஃபோ.எஸ்ஓ.5’ கிடைக்கவில்லை என்று நின்றுவிடலாம். அது டெர்மினல் நூலகமான என்கர்சஸின் பழைய பதிப்பைச் சேர்ந்தது; ஆர்ச்சில் இருப்பது என்கர்சஸ் 6. பழைய என்கர்சஸுக்கான பொருத்த நூலகத்தை, பயனர்கள் பராமரிக்கும் ஏயூஆர் களஞ்சியத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். 6-ஐ 5 என்று சிம்லிங்க் செய்து ஏமாற்றுபவர்களும் உண்டு. ஓடும், ஆனால் அதை நம்பி உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

கபாலுக்கு மாற்றான ஸ்டாக்கும் தன் ஜிஎச்சியைத் தானே இறக்கிக்கொள்ளும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் பேக்கேஜ்களைத் தொகுத்த ஸ்டாக்கேஜ் பட்டியலோடு வாழ்பவர்களுக்கு அதுவே போதும். நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரை இரண்டு வாரம்தான் தொட்டேன், அதை வைத்துத் தீர்ப்பு சொல்வது நியாயமில்லை. டெபியன், உபுண்டு பக்கம் கதை தலைகீழ்: அங்கே சிக்கல் அவசரமல்ல, பழமை. உபுண்டு 22.04-இல் ஜிஎச்சி 8.8.4, டெபியன் 12-இல் 9.0.2. பாடம் படிக்க அது தாராளம்.

பேக்மேனிலிருந்து ஜிஎச்சி-அப்புக்கு மாறுகிறவர்களுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொண்டு குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் குழப்பிக்கொண்டேன். எந்தெந்த ஜிஎச்சி எங்கே இருக்கிறது என்று பார்க்க ‘விச் -ஏ ஜிஎச்சி’ கொடுத்தபோது இரண்டு வரி வந்தது, மேலே நின்றது பேக்மேனுடையது. ஷெல் கோப்பில் ஜிஎச்சி-அப் பாதையை முன்னால் நகர்த்திய பிறகும், கட்டும்போது வந்த பிழை போகவில்லை. காரணம், கட்டிய நூலகங்களைக் கபால் சேமித்துவைக்கும் ஸ்டோர். பழைய கபால் அதை ஜிஎச்சியின் பதிப்பு எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்கும். இரண்டு ஜிஎச்சிக்கும் எண் ஒன்றாக இருந்தால், ஒன்றுக்காகக் கட்டிய நூலகங்களை மற்றதற்கும் எடுத்துக் கொடுத்துவிடும். அந்தப் பதிப்புக்கான ஸ்டோர் அடைவை அழித்தேன். பேக்மேனிலிருந்து ஜிஎச்சியை மட்டும் நீக்கினேன். ‘ஜிஎச்சி-லிப்ஸ்’ பேக்கேஜைத் தொடவில்லை, பேன்டாக்குக்கு அது வேண்டும். பிறகு முழுதாகக் கட்டவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது இன்னும் ‘லென்ஸ்’ நூலகம் ஓடிக்கொண்டிருந்தது.