டெஸ்க்டாப் பூல் வேலைகளை ஒர்க்ஃப்ளோவிடம் கொடுத்து நான்கு வருடம்

எங்கள் அலுவலகத்தில் மூன்று ஷிஃப்ட். கிட்டத்தட்ட எல்லோருக்கும், சர்வரில் ஓடும் மெய்நிகர் கணினியைத் தரும் ஹொரைசன் என்ற மென்பொருள் வழியாகத்தான் டெஸ்க்டாப். முன்பெல்லாம் திங்கட்கிழமை காலை என்றால், புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் உரிய பூலில் (ஒரே வகை டெஸ்க்டாப்களின் தொகுப்பு) சேர்ப்பதே என் வேலை. ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த ஆள் மதியம்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். அதற்காகத்தான், ஒரு வேலையின் படிகளை எழுதிவைத்தால் (அதுதான் ஒர்க்ஃப்ளோ) தானாக ஓட்டும் ஆர்கஸ்ட்ரேட்டர் மென்பொருளில், ஹொரைசனோடு இணைக்கும் பிளக்-இன்னைப் போட்டோம்.

வேகம் கூடியது உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஹெல்ப்டெஸ்க் ஆட்களுக்கு அட்மின் உரிமையே கொடுக்காமல் வேலையை ஒப்படைக்க முடிந்தது. அவர்கள் பார்ப்பது ஒரு படிவம் மட்டும்: பணியாளர் யார், எந்தப் பூல், எத்தனை நாளைக்கு. அவர்களுக்கு ஒதுக்கிய பூல்கள் மட்டுமே அதில் தெரியும். இரவு ஷிஃப்டில் என்னை எழுப்பும் போன்கள் அதோடு நின்றன.

பூல் அனுமதியைத் தனி நபருக்குக் கொடுக்காமல் ஆக்டிவ் டைரக்டரி (அலுவலகக் கணக்குகளின் பதிவேடு) குரூப்புக்குக் கொடுத்தோம். ஒர்க்ஃப்ளோ ஆளைக் குரூப்பில் சேர்த்தால் போதும். இதில் ஒரு சிக்கலைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. எங்களுக்கு இரண்டு ஊர்களில் அலுவலகம். ஒர்க்ஃப்ளோ ஓர் ஊரின் டொமைன் கன்ட்ரோலரில் (அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்) எழுதியது. பயனரை அவருடைய டெஸ்க்டாப்போடு இணைக்கும் ஹொரைசனின் கனெக்ஷன் சர்வர் மற்ற ஊரில் இருப்பதைக் கேட்டது. சைட்களுக்கு இடையே தகவல் போய்ச்சேரும் இடைவெளி, மாற்றாமல் விட்டால், 180 நிமிடம். 'சேர்த்தாச்சு' என்று நாங்கள் சொல்ல, 'வரவில்லை' என்று அவர்கள் சொல்ல, இரண்டுமே உண்மை! கனெக்ஷன் சர்வர் இருக்கும் ஊரிலேயே எழுதும்படி மாற்றியதும் சரியானது.

அனுமதி கொடுப்பதைவிடத் திரும்ப வாங்குவதுதான் கடினம். வேலையை விட்டுப் போகிறவருக்காக யாரும் டிக்கெட் போடுவதில்லை. ஆளுக்கு ஒரு மெஷினை நிலையாக ஒதுக்கும் டெடிகேட்டட் பூலில், விட்டுப் போனவர்கள் பெயரிலேயே மெஷின்கள் முடங்கிக் கிடந்தன. எனவே கணக்கு முடக்கப்பட்டு, 45 நாள் லாகின் இல்லாத மெஷினை அழிக்க ஓர் ஒர்க்ஃப்ளோ எழுதினேன். பிரசவ விடுப்பில் இருந்த ஒருவரின் கணக்கை விதிப்படி தற்காலிகமாக முடக்கியிருந்தார்கள். அவருடைய மெஷினும் அழிந்துபோனது. பல மாதம் உழைத்து அவர் செய்த எக்செல் மேக்ரோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன, பேக்கப் இல்லை. திரும்பி வந்தவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

இப்போது எதுவும் நேராக அழிவதில்லை. முதலில் மெஷின் பராமரிப்பு நிலைக்குப் போகும். பயனரின் ஒதுக்கீட்டை எடுக்க மாட்டோம். எடுத்தால் அடுத்து லாகின் செய்கிற யாருக்காவது அவருடைய ஃபைல்களோடு அந்த மெஷின் போய்விடலாம். அப்புறம் மேலாளருக்கு மெயில். அவர் ஒப்புதல் தரும்வரை ஒர்க்ஃப்ளோ அங்கேயே நிற்கும், வாரக்கணக்கானாலும். பதில் வராவிட்டால் அழிக்காது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முடிந்தவரை ஃப்ளோட்டிங் இன்ஸ்டன்ட் குளோனுக்கு (யாருக்கும் நிலையாக ஒதுக்காத, உடனடியாக உருவாகும் நகல் மெஷின்) மாறிவிட்டு ஒர்க்ஃப்ளோ எழுதுங்கள். லாக்ஆஃப் ஆனதும் மெஷின் அழிந்து புதிதாக வரும். புரொஃபைலை (பயனரின் சொந்த அமைப்புகள், ஃபைல்கள்) தனியாக வைத்துவிட்டால் இந்தத் தலைவலியில் பாதி இருக்காது. கனெக்ஷன் சர்வரின் சான்றிதழைப் புதுப்பிக்கும் நாளில் ஆர்கஸ்ட்ரேட்டரிலும் அதை ஏற்ற மறக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை மறந்தோம். அன்று ஒரு ஒர்க்ஃப்ளோவும் ஓடவில்லை. கோல்டன் இமேஜ் (மெஷின்கள் நகலாகும் மூல மாதிரி) மாற்றத்தை மட்டும் இன்றும் கையால்தான் செய்கிறேன். அதில் தவறு நடந்தால் மூன்று ஷிஃப்டும் நின்றுவிடும்.

2024இல் ஹொரைசன் விஎம்வேரிலிருந்து பிரிந்து ஆம்னிசா என்ற தனி நிறுவனத்துக்குப் போனது. ஆர்கஸ்ட்ரேட்டர் பிராட்காமின் விஎம்வேரிலேயே இருக்கிறது. இரண்டும் இனி ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. அதனால் புதிதாக எழுதுவதையெல்லாம் பிளக்-இன்னை நம்பாமல் ஹொரைசனின் ரெஸ்ட் ஏபிஐ (பிற நிரல்கள் நேரடியாகக் கட்டளை அனுப்பும் வழி) வழியாகவே எழுதுகிறேன். பழையவற்றில் ஒப்புதல் கேட்கும் அந்த ஒர்க்ஃப்ளோவைத்தான் முதலில் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.