கையிலிருக்கும் பெயரை மறைப்பதா, அழிப்பதா?

கல்லூரி மூன்றாம் வருஷம் இடது முன்கையில் ஒரு பெயரைப் பச்சை குத்திக்கொண்டேன். தடித்த கறுப்பில், மூன்று அங்குல நீளத்துக்குத் தமிழ் எழுத்துகள். பெயருக்குரியவர் இப்போது வேறு ஊரில் நலமாக இருக்கிறார். பெயர் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. அதை என்ன செய்வது என்று ஒரு வருஷம் விசாரித்து அலைந்தேன்.

முதலில் தோன்றியது கவர் அப்தான், அதாவது பழையதன்மேல் வேறு படம் குத்தி மறைப்பது. ஒரு நாள் வலி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். சின்னதாக ஒரு மயிலிறகு போதும் என்று கேட்டேன். ஆர்ட்டிஸ்ட் ஸ்டென்சில் வைத்துக் காட்டியதோ, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிறகு விரித்த ஒரு கழுகு!

அவர்மேல் தப்பில்லை. பழைய சுவரில் புதுப் பெயிண்ட் அடிக்கிற வேலை அல்ல இது. மை இருப்பது தோலின் மேல்பரப்புக்கு அடியில். புது மையும் அதே அடுக்குக்குத்தான் போகிறது, பழையதோடு சேர்ந்துதான் கண்ணுக்குத் தெரிகிறது. கறுப்புக்கு மேல் மஞ்சள் குத்தினால் கறுப்புதான் ஜெயிக்கும். அதனால் புதுப் படம் பழையதைவிட அடர்த்தியாகவும், பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு பெரிதாகவும் வரும். பல ஸ்டுடியோக்களில் சதுர அங்குலக் கணக்கில்தான் காசு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்க்கும் அழகழகான கவர் அப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் செய்தவை. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் மைக்கு மேலே இருக்கிறது. பழுப்புக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல வெளிர் நிறங்கள் மங்கிவிடும். கறுப்பு, கருநீலம், அடர்பச்சை இவைதான் நம் கையில் தைரியமாக நிற்கும். படத்திலும் செதில், இறகு, இதழ் என்று உள்ளே நிறைய கோடும் நிழலும் இருக்கிறவைதான் பழைய எழுத்தை விழுங்கும். நடுவே வெற்றிடம் விட்ட மண்டலாவில் (வட்டமான கோலம் போன்ற வடிவம்) அது எட்டிப் பார்க்கும்.

மறைக்காமல் அழிப்பதென்றால் லேசர். அதில் மைத்துகள்களைச் சில்லாக உடைக்கிறார்கள். உடைந்ததை உடம்பே கொஞ்சங்கொஞ்சமாக அப்புறப்படுத்துகிறது. அதற்கு நேரம் கொடுக்கத்தான் ஒவ்வொரு அமர்வுக்கும் இடையே ஆறு முதல் எட்டு வாரம். எட்டு, பத்து அமர்வு என்று போனால் ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரங்கள், சூடான எண்ணெய் தெறித்தாற்போல் எரிச்சல். நல்ல செய்தி, கறுப்பு மைதான் சுலபமாகப் போகும். அதற்குப் பயன்படும் 1064 நானோமீட்டர் அலைநீளக் கதிரை மெலனின் அதிகம் உறிஞ்சாது என்பதால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதுவே பாதுகாப்பு. சிவப்பு மைக்கு 532 நானோமீட்டர் கதிர் தேவை. அதை மெலனினும் பிடித்துக்கொள்ளும், தோலில் வெள்ளைத் திட்டு விழலாம். வெள்ளை மை இருந்தால் லேசர் பட்டதும் கறுத்தே போகக்கூடும். தோல் மருத்துவரிடம் போங்கள், பார்லரில் வேண்டாம். (பாட்டி கையில் ஊசியால் குத்திய பழைய பச்சைகள் குறைந்த அமர்விலேயே போய்விடுமாம். அவர்கள்தான் அழிக்கக் கேட்பதே இல்லை.)

ராணுவத்துக்கு முயற்சி செய்யும் தம்பிகளுக்குக் கவர் அப் வழியே கிடையாது. முன்கையின் உட்புறம், புறங்கை இரண்டிலும்தான் நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி. பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. தோள்பட்டையில் இருப்பதைக் கழுகாக மாற்றினாலும் டாட்டூ டாட்டூதான்.

கடுகளவு டாட்டூ என்றால் வெட்டித் தையல் போடலாம், கோடாகத் தழும்பு நிற்கும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். உப்பு தேய்ப்பது, ஆன்லைன் கிரீம் பூசுவது எல்லாம் தோலைத்தான் புண்ணாக்கும், மை அசையாது.

"முதலில் கவர் அப் செய்வோம், பிடிக்காவிட்டால் லேசர்" என்று ஒரு நண்பன் சொன்னான். அந்த வரிசைதான் ஆபத்து. எத்தனை அமர்வு ஆகும் என்று கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் கர்பி-தேசாய் அளவுகோலில், மைமேல் மை ஏற்றியிருப்பதற்கே தனி மதிப்பெண் உண்டு. அடுக்கு கூடினால் அமர்வும் கூடும்.

திருப்பிப் போட்டால் கணக்கே மாறுகிறது. முழுதாக அழிக்காமல் இரண்டு மூன்று அமர்வில் வெளுக்க வைத்து, தோல் ஆற இரண்டு மூன்று மாதம் விட்டு, அப்புறம் கவர் அப். ஹாலிவுட் நடிகர் ஜானி டெப், காதலி வினோனா பெயரில் 'வினோனா ஃபாரெவர்' என்றிருந்ததில் அந்தப் பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்தை மட்டும் நீக்கி 'வினோ ஃபாரெவர்' ஆக்கிக்கொண்டார். வினோ என்றால் குடிகாரன். அந்த அளவு நகைச்சுவை உணர்வு எனக்கில்லை.

மூன்று அமர்வு முடித்துவிட்டேன். எழுத்துகள் இப்போது பென்சிலில் கிறுக்கியதுபோலச் சாம்பலாக இருக்கின்றன. போன வாரம் அதே ஆர்ட்டிஸ்ட் மறுபடி ஸ்டென்சில் வைத்துப் பார்த்தார். கழுகு போய் மயிலிறகே வந்துவிட்டது. இறகின் கண் சரியாக முதல் எழுத்தின் மேல் உட்காருகிறது.