உப்புவெளிப் பற்பசை: நுரையும் இல்லை, எரிவும் இல்லை

எனக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். கராம்பு எண்ணெய் போட்ட பற்பசை பட்டால் கன்னத்தின் உட்புறம் எரிந்து கண்ணில் நீர் வந்துவிடும். கடையில் ‘சென்சிடிவ்’ என்று எழுதிய டியூப்களையும் வாங்கிப் பார்த்தாயிற்று. அவை பல் கூச்சத்துக்கு உரியவை. பலவற்றில் 5 சதவீதம் பொட்டாசியம் நைத்திரேற்று இருக்கும். அது பல் நரம்பை அடக்கும். கூச்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் நான் வாங்கியவற்றில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லோரில் சல்பேற்றும் காரமான புதினா எண்ணெயும் இருந்தன. எரிவு அப்படியே இருந்தது.

அப்புறம்தான் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் ஒரு பிள்ளை வீட்டிலேயே செய்து விற்கும் பற்பசையை வாங்கினேன். உயர்தர வகுப்பில் என்னிடம் இரசாயனவியல் படித்தவள். சிறிய போத்தலில் தருகிறாள். மிக நுண்ணிய கல்சியம் காபனேற்று, கிளிசரீன், கெட்டியாக்கச் சாந்தன் பிசின், இனிப்புக்குச் சைலிட்டோல், தண்ணீர், கெடாமல் இருக்க ஒரு பொருள். அவ்வளவுதான். கராம்பு, கறுவா, புதினா எதுவும் இல்லை. கட்டித் தயிரின் பதம். விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், ஒரு நறநறப்புகூட இல்லை. கரியும் உப்பும் வைத்துத் தீட்டிப் பல்லின் எனாமலைத் தேய்த்துக்கொண்டவர்களை எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த மென்மை எனக்குப் பெரிய விடயம்.

இரவில் உறைப்பான மீன் குழம்பும் புட்டும் சாப்பிட்டுவிட்டு, புண் இருக்கும்போதே இதைப் போட்டுத் தீட்டினேன். எரியவில்லை. வாய் கழுவிய பிறகும் எச்சிலின் வழுவழுப்பு அப்படியே இருந்தது. சல்பேற்று நுரை அந்தப் படலத்தைத்தான் கழுவிக்கொண்டு போகிறது; சிலருக்குப் புண் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

“நுரை வரேல்ல, பல்லு துப்புரவாகேல்ல எண்டு ஆக்கள் சொல்லுகினம் டீச்சர்” என்றாள். அழுக்கை எடுப்பது பிரஷும் அந்தத் தூளும்தான், நுரை அல்ல. வாங்குகிறவர்கள் இதை நம்ப வேண்டும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். கெடாமல் இருக்க அவள் போடுவது சோடியம் பென்சோவேற்று. அது அமிலத்தன்மையுள்ள கலவையில்தான் வேலை செய்யும். கல்சியம் காபனேற்றுக் கலவையின் பீ.எச். 9க்குக் கிட்ட, அதாவது காரப் பக்கம் நிற்கும், அங்கே பென்சோவேற்றால் ஒரு பயனும் இல்லை. திருகோணமலை வெயிலில், ஈரப் பிரஷைப் போத்தலுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. என் போத்தலின் மேல் கொஞ்ச நாளில் தண்ணீர் பிரிந்து நின்றது. போத்தலை விட்டு டியூபுக்கு மாறு, தண்ணீரைக் குறைத்துக் கிளிசரீனைக் கூட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செய் என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினாள், பார்ப்போம்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. இதில் புளோரைட்டு இல்லை. பல் சொத்தையைத் தடுக்கப் பெரியவர்களின் பற்பசையில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் அத்தனை பங்கு) வரை புளோரைட்டு வேண்டும். இந்தக் கலவையில் சோடியம் புளோரைட்டைப் போட்டால் கல்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும், பல்லுக்குப் போய்ச் சேராது. இன்னொரு வகைப் புளோரைட்டுச் சேர்மமான சோடியம் மோனோபுளோரோபொஸ்பேற்றுதான் பொருந்தும். ஆனால் அளவு பிசகினால் ஆபத்தான பொருளை வீட்டுத் தராசில் நிறுத்துப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நான் காலையில் இதைப் பாவிக்கிறேன். இரவில் சல்பேற்று இல்லாத, சுவை குறைந்த ஒரு புளோரைட்டுப் பற்பசை. புண் கடுமையாக இருக்கும் நாட்களில் மட்டும் இரண்டு வேளையும் இதுதான்.

80 கிராம் 650 ரூபாய். மலிவில்லை, ஆனால் எனக்குக் கட்டுகிறது. வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். சைலிட்டோல் நாய்க்கு நஞ்சு. சின்னப் பிள்ளைகளுக்கு இதை மட்டும் கொடுத்துப் பழக்காதீர்கள், அவர்களுக்குப் புளோரைட்டு கட்டாயம் வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண் என்றால், குறிப்பாக வெற்றிலை போடுகிறவர்கள், பற்பசையை மாற்றிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டுங்கள்.